மதில்மேல் முட்டை

நம் பங்குப் பள்ளியின் மழலையர் வகுப்பிலே பயிலும் நான்கு வயதுப் பிள்ளை, தமிழ் நெடுங்கணக்கை முற்றும் அறியுமுன்னரே ஆங்கிலப் பாலர் பாடல்கள் நான்கைந்தை ஒப்புவிக்கக் கேட்கிறோம். வீட்டிற்கு உறவினர் வந்துவிட்டால், "மாமாவுக்கு ஒரு பாட்டுச் சொல்லிக் காட்டு, கண்ணு" என்று தாய் பிள்ளையை முன்னே தள்ளுவாள். பிள்ளையும் இரு கைகளையும் வட்டமாக வளைத்து, தொப்பென்று தரையில் விழுந்து காட்டி, ஹம்ப்டி டம்ப்டியின் கதையைப் பாடி முடிக்கும். நாமும் கைதட்டி மகிழ்வோம். ஒருவன் விழுந்து நொறுங்கியதையும், அவனை மீட்க எவராலும் இயலாமற் போனதையும்தான் பிள்ளை இவ்வளவு உற்சாகமாகப் பாடியது என்பது அந்நேரம் நம் நினைவுக்கு வருவதில்லை.

நான்கே அடிகள் கொண்ட சிறு பாட்டு அது. மதில்மேல் ஒருவன் அமர்ந்திருந்தான், விழுந்தான், அரசனுடைய குதிரைகளும் வீரர்களும் அனைவரும் கூடியும் அவனைப் பழையபடி சேர்த்து நிறுத்த முடியவில்லை. செய்தி இவ்வளவே. இத்துணைச் சிறிய பாட்டிலிருந்து புறப்பட்ட ஓர் உருவம், அமெரிக்க இசைத்தட்டுகளிலும், ஜமைக்காத் தீவின் நடனப் பாட்டிலும், 'பேட்மேன்' சித்திரக்கதையிலும் சென்று குடியேறியிருக்கிறது. அது எவ்வாறு என்பதை இங்குக் காண்போம். கூடவே, பெற்றோராகிய நமக்கென்று ஒரு கேள்வியும் உண்டு. உடைந்தது உடைந்ததுதான் என்று முடியும் பாட்டைப் பச்சிளம் பிள்ளையின் வாயில் வைப்பது தகுமா?

விடை தொலைந்த விடுகதை

பாட்டைச் சொல் சொல்லாகத் துருவிப் பார்த்தாலும் 'முட்டை' என்னும் சொல் அதில் இல்லை. இது பலருக்கு வியப்பாயிருக்கும். காரணம், அது முதலில் பாட்டாக அன்று, விடுகதையாகவே வழங்கியது. விழுந்தால் எத்தனை பேர் கூடினாலும் சேர்க்க முடியாதது எது? விடை: முட்டை. நம் ஊர்ப் பாட்டிமார் வாசலும் சன்னலும் இல்லாத வெள்ளை வீடு எது என்று பேரப் பிள்ளைகளை மடக்குவார்கள் அல்லவா? அதே முட்டை, அதே விளையாட்டு. பிரெஞ்சு மக்களிடம் 'பூல் பூல்' என்றும், சுவீடன், நார்வே மக்களிடம் 'லில்லே த்ரில்லே' என்றும், ஜெர்மானியரிடம் 'ஹும்பெல்கன் பும்பெல்கன்' என்றும் இதே விடுகதை வேறு பெயர்களில் உலவியதைப் பாலர் பாடல்களைத் திரட்டி 1951-ல் பெரும் அகராதியாக வெளியிட்ட ஐயோனா, பீட்டர் ஓப்பி தம்பதியர் எடுத்துக் காட்டியுள்ளனர்.

ஆங்கிலத்தில் இப்பாட்டு அச்சேறியதாக நாம் அறியும் முதல் நூல் 1797-ல் சாமுவேல் ஆர்னால்டு வெளியிட்ட சிறுவர் இசைத் தொகுப்பு. ஆர்னால்டு சாதாரணமானவர் அல்லர். இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் ஆர்கன் வாசித்தவர். ஹாண்டலின் படைப்புகளைத் தொகுத்துப் பதிப்பித்தவர். எனவே நம் மதில்மேல் மனிதன் முதன்முதல் அச்சில் தோன்றியபோதே இசையின் துணையோடுதான் தோன்றினான். ஆயின் அந்தப் பழைய வடிவில் அரசனும் இல்லை, குதிரைகளும் இல்லை. எண்பது பேர், அவர்களோடு மேலும் எண்பது பேர், ஆக 160 ஆட்கள் வந்து முயன்று தோற்றார்கள் என்று மட்டுமே இருந்தது. அரசனின் சேனை பின்னர் வந்து சேர்ந்தது. சேர்ந்தபின் பாட்டின் பொருளே கனத்துவிட்டது. 160 கூலியாட்களால் முடியாதது வேறு, ஓர் அரசனாலேயே முடியாதது வேறு அல்லவா?

பெயரைப் பற்றியும் ஒரு சொல். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பிராந்தியைப் பீருடன் சேர்த்துக் காய்ச்சிய ஒரு பானத்திற்கு இப்பெயர் வழங்கியது. அடுத்த நூற்றாண்டிலே குள்ளமாய்ப் பருத்துத் தடுமாறி நடப்பவரைக் கேலி செய்ய இதனைப் பயன்படுத்தினர். விடுகதையைக் கேட்டவர் மனத்தில் தடுமாறும் தடியன் ஒருவனே முதலில் தோன்றுவான். முட்டையை நினைக்கவே மாட்டார். ஏமாற்றுவதற்கென்றே தேர்ந்த பெயர்!

இனி, இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் உடைந்த பீரங்கி ஒன்றின் கதை இது என்று கூறுவோர் உளர். 1648-ல் கோல்செஸ்டர் நகர முற்றுகையின்போது தேவாலயக் கோபுரத்திலிருந்து விழுந்த பீரங்கி அது என்பர் சிலர். 1643-ல் குளோஸ்டர் நகரைத் தாக்கச் செய்த ஆமை வடிவ முற்றுகைப் பொறி என்று 1956-ல் எழுதினார் சட்ட வரலாற்றறிஞர் டேவிட் டௌபே. இரண்டிற்கும் அக்காலச் சான்று கிடையாது, நாமும் நம்பவில்லை. எனினும் ஒரு நற்பயன் விளைந்தது. குளோஸ்டர் கதையை வைத்து ரிச்சர்டு ராட்னி பென்னட் என்னும் ஆங்கில இசையமைப்பாளர் 1968-ல் சிறுவர் நடிப்பதற்கென ஓர் இசை நாடகம் இயற்றினார்.

முகம் கிடைத்தது

விடுகதைக்கு விடை தெரிந்துவிட்டால் அதற்குப்பின் அதனைக் கேட்பதில் சுவை இல்லை. ஹம்ப்டி டம்ப்டிக்கோ, விடை தெரிந்த பிறகுதான் வாழ்வே தொடங்கிற்று.

1868-ல் நியூயார்க் நாடக மேடையில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்னும் கோமாளி நடிகர் 'ஹம்ப்டி டம்ப்டி' என்ற ஊமைக்கூத்தை நடத்தி, நானூறு காட்சிகளுக்கு மேல் ஓட்டிக் காட்டினார். வெண்மாவு பூசிய முகத்தோடு வந்த அந்த ஹம்ப்டி ஒரு கோமாளி, முட்டையன்று. மூன்றாண்டுகளுக்குப் பின், 1871-ன் இறுதியில், ஆக்ஸ்போர்டில் கணிதம் கற்பித்த லூயிஸ் கரோல், ஆலிஸ் சிறுமி கண்ணாடியின் வழியே வேற்றுலகம் புகும் கதையை வெளியிட்டார். அதில் ஆலிஸ் ஒரு கடையில் முட்டை வாங்குகிறாள். கிட்டே போகப் போக அது பெரிதாகிறது. கண், மூக்கு, வாய் முளைக்கின்றன. மதில்மேல் சம்மணமிட்டு அமர்ந்த ஹம்ப்டி டம்ப்டியாகிவிடுகிறது. ஜான் டென்னியல் அதற்கு வரைந்த படம் உலகெங்கும் பரவிற்று. கழுத்தும் இடுப்பும் ஒன்றாகிப் போன அந்த உருண்டை உடம்பில் சுற்றியிருப்பது கழுத்துப்பட்டையா, அரைக்கச்சையா என்று ஆலிஸ் திகைப்பது இன்றும் சிரிப்பூட்டும்.

கரோல் செய்த மற்றொரு மாற்றத்தையும் கவனிக்க வேண்டும். பழம்பாட்டில் வரும் ஹம்ப்டிக்குக் குணம் எதுவும் கிடையாது. உட்கார்ந்தான், விழுந்தான், அவ்வளவே. கரோலின் ஹம்ப்டியோ செருக்கின் திரண்ட உருவம். தான் விழுந்தால் அரசன் தன் சேனை முழுவதையும் அனுப்புவதாக வாக்களித்திருக்கிறான் என்று பெருமை பேசுகிறான். ஒரு சொல்லுக்குத் தான் விரும்பும் பொருளே பொருள் என்று வாதிடுகிறான். (இந்த வாதம் நீதிமன்றம் வரை போனது. 1941-ல் இலண்டனில் போர்க்காலக் காவல் வழக்கொன்றில் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய அட்கின் பிரபு, அரசாங்கம் சட்டச் சொற்களுக்குக் கொடுக்கும் விளக்கத்தைக் கண்டிக்க இந்த முட்டையைத்தான் சாட்சிக்கு அழைத்தார்.) ஆலிஸ் விடைபெற்றுச் சிறிது தூரம் போனதும், காடே அதிரும் ஓசை கேட்கிறது. விழுந்ததைக் கரோல் காட்டவில்லை. ஓசையை மட்டும் கேட்கச் செய்கிறார். அடுத்த பக்கத்தில் அரசனின் வீரர்கள் இடறி விழுந்து எழுந்து காட்டினூடே ஓடி வருகின்றனர்.

ஆக, 1871-க்குப் பின் ஹம்ப்டியிடம் இரண்டு சொத்துகள் இருந்தன: பழம்பாட்டிலிருந்து வந்த வீழ்ச்சி ஒன்று, டென்னியல் தந்த உருவம் மற்றொன்று. பிற்காலத்தார் அவற்றைப் பங்கிட்டுக் கொண்டனர். இசைக்காரர்கள் பெரும்பாலும் வீழ்ச்சியை எடுத்துக் கொண்டார்கள். சித்திரக்காரர்களுக்கு உருவம் போதுமாயிருந்தது.

நொறுங்கிய இதயங்கள்

1948-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஹாங்க் தாம்சன் என்னும் இளைஞர் பாடிய 'ஹம்ப்டி டம்ப்டி ஹார்ட்', அந்நாட்டுக் கிராமிய இசைத் தரவரிசையில் இரண்டாம் இடம் வரை ஏறியது. தலைப்பே கதையைச் சொல்லிவிடுகிறது: காதலில் தோற்றவனின் இதயம்தான் அந்த முட்டை. பாலர் பாட்டை எடுத்துக் காதல் துயரத்துக்குப் பொருத்தும் இவ்வழி அன்றிலிருந்து அமெரிக்கப் பாடகர்களுக்குப் பழகிப் போயிற்று. சற்று மலிவான உத்திதான்.

ஆனால் அதே உத்தி அரீத்தா ஃபிராங்க்ளின் கையில் வேறொன்றாயிற்று. அவர் டெட்ராய்ட் நகரத்துப் பாப்டிஸ்டு போதகரின் மகள்; கோயில் பாடற்குழுவில் குரல் பழகியவர். பத்தொன்பது வயதில் மணம் புரிந்து, 1969-ல் அந்த மணவாழ்வு முறிந்தபின், 1972-ன் தொடக்கத்தில் வெளிவந்த இசைத்தட்டிலே 'ஆல் தி கிங்ஸ் ஹார்சஸ்' என்று தாமே எழுதிய பாட்டொன்றைப் பாடினார். இங்கு மதில்மேல் அமர்ந்திருப்பது ஒருவர் அல்லர், இருவர், விழுவதும் இருவருமே. யார் தள்ளினார், யார் தவறினார் என்ற கணக்கெல்லாம் பாட்டில் இல்லை. உரத்த குரலுக்குப் பேர் போனவர் இப்பாட்டை அடங்கிய குரலில் பாடினார். அதே 1972 சனவரியில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஒரு கோயிலில் இரண்டு இரவுகள் பாடி, இறைப்புகழ்ப் பாடல்களின் புகழ்பெற்ற ஒலிப்பதிவையும் அவர் முடித்தார் என்பது குறிப்பிடத்தக்கது. ஒரே மாதம், ஒரே குரல்.

குடும்ப வாழ்வில் முறிவைக் கண்ட இல்லங்கள் நம் பங்குகளிலும் இல்லாமல் இல்லை. அத்தகைய இல்லங்களுக்கு ஆறுதல் கூறச் செல்வோர், எல்லாம் சரியாகிவிடும் என்று அவசரமாகச் சொல்லிவிடுவது வழக்கம். அப்படிச் சொல்லாமலிருப்பதே இப்பாட்டின் கண்ணியம்.

வீழ்ச்சியைப் பாடாமல் துள்ளலை எடுத்துக் கொண்டவர்களும் உண்டு. 1961-ல், விடுதலைக்கு ஓராண்டு முன்பு, ஜமைக்காவில் எரிக் மாரிஸ் என்னும் பாடகர் இதே பாலர் பாட்டை 'ஸ்கா' என்ற புதிய தாளத்தில் பாடினார். ஆண்ட நாட்டினர் பள்ளியில் கற்பித்த பாட்டு, ஆளப்பட்டோரின் தெரு நடனமாயிற்று. அதே ஆண்டு வெளிவந்த தம் இசைத்தட்டு ஒன்றில் ஜாஸ் மேதை ஆர்னெட் கோல்மன் 'ஹம்ப்டி டம்ப்டி' என்று பெயரிட்டு, சொல்லே இல்லாத ஓர் இசையை வாசித்தார். 1990-ல் டிஜிட்டல் அண்டர்கிரவுண்டு குழுவினர் 'ஹம்ப்டி டான்ஸ்' என்று ஆடிய ஆட்டமும் பெரும் பெயர் பெற்றது. பொய்மூக்கு மாட்டிக்கொண்டு வந்த அந்தப் பாடகரின் வேடிக்கை இரசிக்கத்தக்கது. சொற்கள் பிள்ளைகள் கேட்கத்தக்கவை அல்ல.

பீட்டில்ஸ் குழுவினரைச் சொல்லாமல் விட்டால் வாசகர் மன்னிக்கமாட்டார்கள். 1967 நவம்பரில் வெளிவந்த 'ஐ ஆம் தி வால்ரஸ்' பாட்டில் 'முட்டை மனிதன்' ஒருவன் வருகிறான். அவன் ஹம்ப்டிதான் என்று பலர் கூறுவர். ஜான் லென்னனின் நண்பரான மற்றொரு பாடகரின் பட்டப்பெயர் அது என்று வேறு சிலர் கூறுவர். எதுவாயினும் பாட்டின் தலைப்பில் உள்ள விலங்கு கரோலின் அதே நூலிலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. சிறுவயது முதல் லென்னன் விரும்பிப் படித்த நூல் அது. தாம் பயின்ற பள்ளியில் தம் குழுவின் பாடல்களுக்கு ஆசிரியர் பொருள் விளக்குகிறார் என்று கேள்விப்பட்ட லென்னன், எவரும் பொருள் காண முடியாதபடி ஒரு பாட்டு எழுதிவிட வேண்டுமென்றே இதனை எழுதினாராம். மற்றோரின் பொருளை ஏற்க மறுத்து மதில்மேல் அமர்ந்த முட்டையின் பிடிவாதம் இதில் தெரிகிறதல்லவா?

சித்திரக்கதையில் ஒரு பைத்தியக்காரன்

சித்திரக்காரர்களிடம் வருவோம். 'ஓஸ்' மந்திரவாதி கதைக்கு 1900-ல் படம் வரைந்து புகழ்பெற்ற டென்ஸ்லோ, செய்தித்தாளில் தொடர்சித்திரங்களும் வரைந்தவர். 1903-ல் அவர் ஹம்ப்டிக்கென்று தனியே ஒரு வண்ணப்பட நூல் செய்தார். அதில் வரும் ஹம்ப்டி விழுந்து உடைந்துவிடுவோமோ என்று அஞ்சி ஒரு கறுப்புக் கோழியிடம் யோசனை கேட்கிறான். முடிவில் அவனை வெந்நீரில் போட்டுக் கெட்டியாக அவித்துவிடுகிறார்கள்! இனி உருண்டாலும் உடையமாட்டான். அமெரிக்கருக்கே உரிய தீர்வு இது. சிரித்துக்கொண்டே படித்தாலும், அவித்த முட்டையிலிருந்து குஞ்சு வராது என்பதையும் எண்ணிக் கொள்கிறோம்.

முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்த தலைமுறையினர் நம் வாசகரிடையே நிறைய இருப்பர். அவர்களுக்குப் பேட்மேனையும் தெரிந்திருக்கும். பேட்மேனின் எதிரிகளுக்குப் பாலர் பாடல்களோடு பழைய உறவு உண்டு. ஒரே அச்சான இரு பருமனான உறவினர், வேறொரு பாலர் பாட்டின் இரட்டையர் பெயரைச் சூட்டிக்கொண்டு 1943-லேயே அக்கதையில் திருடர்களாக வந்துவிட்டனர். ஹம்ப்டி வருவதற்கு 60 ஆண்டுகள் ஆயின. 2003-ல் டான் ஸ்லாட் எழுத, ரயன் சூக் வரைந்த 'ஆர்க்கம் அசைலம்: லிவிங் ஹெல்' என்னும் தொடரில் ஹம்ஃபிரி டம்ப்ளர் என்பவன் அறிமுகமானான். முட்டை வடிவ உடல், சாந்தமான பேச்சு, குழந்தை மனம். பழுதான எதைக் கண்டாலும் பிரித்துப் போட்டுச் சரிசெய்யாமல் அவனால் இருக்க முடியாது. கடிகாரமும் பொறியும் போதாமல், தன்னைக் கொடுமைப்படுத்திய பாட்டியையும் அவ்வாறே 'சரிசெய்ய' முற்பட்டுவிட்டான். சேர்த்துத் தைத்தும் பார்த்தான், உயிர் வரவில்லை.

படிக்க அருவருப்பாக இருக்கலாம். ஆயினும் இதனை எழுதியவர் பாட்டைக் கூர்ந்து படித்தவர் என்றே கூறுவோம். மற்றெல்லாரும் விழுந்தவனைக் கதாநாயகனாக்கினர். இவர் ஒருவரே, சேர்க்க முயன்றும் முடியாமற்போன அரசனின் ஆட்களுடைய தவிப்பை ஹம்ப்டிக்குள்ளேயே வைத்தார். அவனைப் பிடிக்க வந்த பேட்கேர்ள் உயரத்திலிருந்து சறுக்கி இரு தோள் மூட்டுகளும் விலகித் துடித்தபோது, அவனே அவளைக் காப்பாற்றி மூட்டுகளைச் சரியாகப் பொருத்திவிட்டு, தானாகச் சரணடைகிறான். எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்க முடியாது என்று பிரித்தறியாததே அவன் நோய்.

பில் வில்லிங்காமின் 'ஃபேபிள்ஸ்' தொடர் 2002-ல் தொடங்கியது. நியூயார்க்கில் அகதிகளாய் வாழும் பழங்கதை மாந்தரைப் பற்றியது. பாலர் பாட்டின் கோல் அரசர் அங்கே மேயர்; நீலச்சட்டைச் சிறுவன் அலுவலக எழுத்தன். 2006-ல் அதிலிருந்து கிளைத்த தொடரில் ஹம்ப்டியும் உண்டு.

முடிவை மாற்றலாமா?

2009-ல் இங்கிலாந்தில் ஒரு சிறு பூசல் எழுந்தது. பி.பி.சி. தொலைக்காட்சியின் சிறுவர் நிகழ்ச்சி ஒன்றில், அரசனின் ஆட்கள் ஹம்ப்டியை மீண்டும் மகிழ்ச்சியாக்கிவிட்டதாகப் பாட்டின் கடைசி அடியை மாற்றிப் பாடினார்கள். பெற்றோர் சிலர் சினந்தனர். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரும் கண்டித்தார். குழந்தைகளை அஞ்சிச் செய்த மாற்றமன்று, வெறும் புதுமைக்காகவே என்று நிறுவனம் பதிலுரைத்தது.

மாற்றியிருக்க வேண்டியதில்லை என்பதே நம் எண்ணம். நான்கு வயதுப் பிள்ளைக்கு உடைவது புதிதன்று. அதன் பொம்மை உடைந்திருக்கிறது. வீட்டுப் பூனை இறந்திருக்கலாம். தாத்தாவின் கட்டில் ஒருநாள் காலியாகிவிட்டிருக்கலாம். அப்போதெல்லாம் பெரியவர்களாகிய நாம், வேறு வாங்கித் தருகிறேன், ஊருக்குப் போயிருக்கிறார் என்று எதையோ சொல்லி மழுப்புகிறோம். மழுப்பாத பாட்டு இது ஒன்றாவது பிள்ளையிடம் இருக்கட்டும். அதன் பழைய நான்கடிகளில் மற்றொரு நயமும் உண்டு. ஏன் ஏறினாய் என்று விழுந்தவனை அதில் யாரும் ஏசுவதில்லை. முடியாது என்று தெரிந்தும் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் ஓடி வருகிறார்கள்.

ஒரு யோசனை மட்டும் சொல்வோம். அடுத்த முறை பாட்டைச் சொல்லித் தரும்போது புத்தகத்திலுள்ள படத்தைக் கையால் மறைத்துவிட்டு, விழுந்தது யாராயிருக்கும் என்று பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். பந்து என்னும், பானை என்னும், பக்கத்து வீட்டுத் தம்பி என்னும். ஆர்னால்டு காலத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்த இன்பம் அதற்கும் கிடைக்கட்டும்.

2011-ல் வந்த 'புஸ் இன் பூட்ஸ்' கேலிச்சித்திரப் படத்தில் ஹம்ப்டி நண்பனுக்கே இரண்டகம் செய்தவன். இறுதியில் மனம் மாறி, பிறர் பிழைக்கத் தானே பிடியை விட்டு விழுகிறான். உடைந்த ஓட்டினுள் பொன்முட்டை இருக்கிறது. படம் எடுத்தவர்களுக்கும் வெறும் ஓட்டோடு முடிக்க மனம் வரவில்லை போலும். அதற்கு எட்டாண்டுகளுக்குப் பின், 2019-ல், உலகின் மிகப் பெரிய அரங்குகளை நிரப்பும் டெய்லர் சுவிஃப்ட் தமது 29-ஆம் வயதில் 'தி ஆர்ச்சர்' என்ற பாட்டை வெளியிட்டார். நண்பர்களாயிருந்து பகைவரானோரை எண்ணி அவர் பாடும் இடத்தில் அரசனின் குதிரைகளும் வீரர்களும் மீண்டும் வருகின்றனர். உடைந்திருப்பது முட்டையன்று, பாடுகிறவரே. கடைசி அடியின் செய்தியை அவர் மாற்றவில்லை.